ஒட்டினதா, ஒட்டாததா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தேன். சனிக்கிழமை லாச்சப்பல் எப்படி இருக்கும் என்று வந்துபோனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மெத்ரோ படியால் இறங்கினால் போதும், முருங்கைக்காயும் ரெலிபோன் காட்டும் சனமும்தான். மூத்தவனும் கூட வந்தான். பை தூக்க என்று கூட்டிக்கொண்டு போனது. அவனுக்கு இப்போது 22 வயது. வீதி, பாலம் கட்டுகிற பொறியியல் படிக்கிறான்.

போபூர் சென் தெனி வீதியில் ஒரு கடை வாசலுக்கு நேரே, குழாய் போடவோ என்னவோ, றோட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிவர இரும்பு வேலி. சனம் முணுமுணுத்துக்கொண்டு வேலி ஓரமாக ஒதுங்கிப் போனது. நாங்கள் இரண்டு பேரும் மட்டும் நின்று குழிக்குள் எட்டிப் பார்த்தோம். கடைக்கார அண்ணை வெளியே வந்து, "என்ன அண்ணை, ஏதும் விழுந்திட்டுதோ?" என்று கேட்டார்.

விழவில்லை. வெட்டின பக்கத்தில் அடுக்குகள் துப்பரவாகத் தெரிந்தன. மேலே ஒரு கறுப்பு அடுக்கு. அதற்குக் கீழே இன்னொரு கறுப்பு, கொஞ்சம் பழையது, கல்லுப் பருமன் கூட. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் சதுரக் கருங்கல் வரிசை. அதற்கும் கீழே மண். பரிசில் பல வீதிகள் இப்படித்தான். பழைய கல்லு வீதியைக் கிளப்பாமல் அதற்கு மேலேயே தார் போட்டிருப்பார்கள். 1968 மே மாதக் கிளர்ச்சியில் மாணவர்கள் வீதிக் கல்லைக் கிளப்பிப் பொலிசுக்கு எறிந்த பிறகு, சோர்போன் பக்கத்து வீதிகள் பலவற்றைத் தாரால் மூடினார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை.

மகன் விரலால் அடுக்குகளை எண்ணிவிட்டுச் சொன்னான். "அப்பா, இதை அலிசேயில போட்டுப் பாக்கலாம்."

"அது ஆர் அலிசே?" என்று கேட்டேன். ஏதோ பெட்டைப்பிள்ளையின் பெயர் என்று நினைத்துவிட்டேன். அவன் சிரித்துவிட்டான்.

அலிசே என்பது ஒரு மென்பொருள். முழுப் பெயர் அலிசே-எல்.சே.பே.சே. தார் வீதியின் அடுக்குகளை ஆராய்ந்து, எத்தனை சென்ரிமீற்றர் தடிப்பில் எதைப் போட்டால் எத்தனை வருடம் தாங்கும் என்று கணக்குப் பார்க்கிறது. அலிசே என்றால் பிரெஞ்சில் வியாபாரக் காற்று. பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரத்தில் படித்தோமே, அதே காற்றுத்தான்.

இதை எழுதுவதற்குக் காரணம் அந்த மென்பொருள் இல்லை. அதில் இருக்கிற ஒரு கேள்வி. ஆனால் மென்பொருளைச் சொல்லாமல் அந்தக் கேள்வியைச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. அப்பா யாழ்ப்பாணத்தில் ஓவசியராக இருந்தவர். றோட்டு ஓவசியர். நான் 1985இல் ஏ.எல். கணிதப் பிரிவில் எடுத்தேன். தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகம், இரசாயனம். தரப்படுத்தலில் கம்பஸ் கிடைக்கவில்லை. 1990இல் பரிசுக்கு வந்து, எல்லோரையும் போலச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவி, 2001இலிருந்து 2014 வரை றோட்டு வேலை செய்தேன். மெசின் கொட்டிப் போகிற சூட்டுத் தாரைப் பெரிய வாரியால் இழுத்து மட்டம் பார்க்கிற வேலை. கொட்டும்போது அது 150, 160 பாகை சூட்டில் இருக்கும். முழங்கால் போனபிறகு விட்டுவிட்டேன். ஆகவே றோட்டு என்பது எனக்கு அப்பா வழிச் சொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தொப்பி போட்டு நின்று பார்த்ததை நான் குனிந்து நின்று செய்தேன். என்ரை மகன் கதிரையில் இருந்து செய்யப்போகிறான்.

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியை வைத்தான். கல்லூரியின் உரிமத்தில் அவனிடம் அலிசே இருக்கிறது. நான் எதிர்பார்த்தது மாதிரி வீதிப் படமோ லொறிப் படமோ ஒன்றும் இல்லை. ஒரு அட்டவணை, அவ்வளவுதான். ஒவ்வொரு வரியும் ஒரு அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் தடிப்பு, யங்கின் மட்டு, புவாசோன் விகிதம்.

யங்கின் மட்டு! நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல் வாயில் வந்தபோது எனக்கு ஏதோ பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி இருந்தது. தகைப்பு, விகாரம், யங்கின் மட்டு. கம்பியில் படி தொங்கவிட்டு எவ்வளவு நீளுகிறது என்று அளந்த பரிசோதனை. மகனுக்கு அந்தத் தமிழ்ச் சொற்கள் தெரியாது. எனக்குப் பிரெஞ்சுச் சொற்கள் தெரியாது. ஆனால் இரண்டு பேருக்கும் கணக்கு விளங்குகிறது. "கொந்த்ரெந்த்" என்றான். "தகைப்பு" என்றேன். "தெபொர்மாசியோன்" என்றான். "விகாரம்" என்றேன். மனுசி குசினிக்குள் இருந்து, "அப்பனும் மகனும் என்ன மந்திரம் சொல்லுறியள்?" என்று கேட்டாள்.

கணக்கின் அடிப்படை இதுதான். 1885இல் ஜோசேப் புசினெஸ்க் என்கிற பிரெஞ்சுக் கணிதவியலாளர், ஒரே சீரான தரைக்கு மேலே பாரம் வைத்தால் தரைக்குள்ளே தகைப்பு எப்படிப் பரவும் என்று சமன்பாடு எழுதினார். ஆனால் வீதி ஒரே சீரான தரை இல்லையே. மேலே கெட்டி, கீழே இளக்கம். 1943இல் அமெரிக்காவில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் பர்மிஸ்ரர் இரண்டு அடுக்குக்குக் கணக்குப் போட்டார். 1945இல் மூன்று அடுக்கு. அதைக் கையால் செய்து முடிக்க ஒரு ஆயுள் வேண்டும். கொம்பியூட்டர் வந்தபிறகுதான் அது எஞ்சினியர்மாருக்குப் பயன்பட்டது. அமெரிக்காவில் செவ்ரோன் எண்ணெய்க் கொம்பனியும் பிறகு ஷெல் கொம்பனியும் இதற்கு நிரல் எழுதின. தார் விற்கிறவனுக்குத்தானே தார் எவ்வளவு தடிப்பு வேண்டும் என்ற கவலை! பிரான்சில் 1960களில், பாலம் வீதிகளுக்கான மத்திய ஆய்வுகூடம் அலிசேயை எழுதியது. எல்.சே.பே.சே. என்பது அந்த ஆய்வுகூடத்தின் முதலெழுத்துகள். அந்த ஆய்வுகூடம் 2011இல் இன்னொன்றோடு சேர்ந்து வேறு பெயராகி, அதுவும் 2020இல் குஸ்தாவ் எய்பெல் பல்கலைக்கழகத்துக்குள் போய்விட்டது. இப்போது அந்தப் பெயரில் ஒரு ஆய்வுகூடமும் இல்லை. மென்பொருளின் பெயரில் மட்டும் பழைய ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. எங்கள் ஆட்கள் சிலரின் வதிவிட அட்டையில் இருக்கிற ஊர்களைப் போல.

பாரம் எவ்வளவு என்று முதலில் சொல்லவேண்டும். பிரான்சில் கணக்குக்கு எடுக்கிற அச்சு 13 தொன். அதில் பாதி ஒரு பக்கத்து இரட்டை ரயருக்கு. இரண்டு ரயரும் றோட்டில் தொடுகிற இடத்தை 12.5 சென்ரிமீற்றர் ஆரையுள்ள இரண்டு வட்டமாக எடுக்கிறார்கள். வட்டங்களின் நடுவுக்கு நடு 37.5 சென்ரிமீற்றர். இந்தியாவிலும் இலங்கையிலும் கணக்குக்கு எடுக்கிற அச்சு ஏறக்குறைய 8 தொன். பெரிய வித்தியாசம் இல்லை என்று நினைப்பீர்கள். அங்கேதான் பிழை விடுவோம். 1958 தொடக்கம் 1960 வரை அமெரிக்காவில் இலினோய் மாநிலத்தில், பரிசோதனைக்கென்றே வீதிகள் போட்டு இரவும் பகலும் லொறி ஓட்டிப் பார்த்தார்கள். பாரம் இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய 16 மடங்கு என்று கண்டார்கள். நாலாம் அடுக்கு விதி. அப்படிப் பார்த்தால் பிரான்சின் ஒரு அச்சு எங்கள் ஊரின் ஏழு அச்சுக்குச் சமன். அரைத் தொன் அச்சுள்ள ஒரு கார் றோட்டுக்குச் செய்கிற சேதம் கணக்கில் வராது. 13 தொன் அச்சு ஒருமுறை போவது அந்தக் காரின் அச்சு நாலரை இலட்சம் தடவை போவதற்குச் சமன்.

"அப்ப பிள்ளையார் கோயில் தேரைப் போட்டுப் பாப்பமா?" என்று கேட்டேன். ஓகஸ்ட் கடைசியில் மாணிக்க விநாயகர் தேர் லாச்சப்பல் வீதிகளால் வரும்போது, சனம் குவித்து வைத்துத் தேங்காய் உடைக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். "வருசத்துக்கு ஒருக்காத்தானே அப்பா, ஒண்டும் செய்யாது. றோட்டை உடைக்கிறது பாரம் மட்டும் இல்லை, எத்தினை தரம் எண்டதும்தான்" என்றான்.

உண்மைதான். தார் ஒருநாள் பாரத்தில் உடைவதில்லை. கம்பியை இரண்டு பக்கமும் வளைத்து வளைத்து உடைக்கிறோமே, அதுபோலக் களைத்து உடைகிறது. லொறி ஒன்று மேலே போகும்போது தார் அடுக்கு கண்ணுக்குத் தெரியாமல் கீழ்ப்பக்கமாக வளைகிறது. அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. அந்த இழுபாட்டைத்தான் அலிசே கணக்கிடுகிறது, பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று. கூடவே, கீழே இருக்கிற மண்ணின் தலையில் எவ்வளவு அமுக்கம் வருகிறது என்பதையும். முதலாவது கூடினால் தார் வெடிக்கும். இரண்டாவது கூடினால் றோட்டில் சில்லுத் தடம் பள்ளமாக விழும். தமிழ்நாட்டில் நெடுஞ்சாலை எஞ்சினியர்மார் பாவிக்கிற ஐ.ஐ.ரி. பேவ் என்ற மென்பொருளும் இதே இரண்டைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. அது 2012இல் இந்திய வீதிக் காங்கிரசின் 37ஆம் வழிகாட்டியோடு வந்தது.

மகன் சாதாரண பிரெஞ்சு வீதி ஒன்றைப் போட்டுக் காட்டினான். மேலே 6 சென்ரிமீற்றர் தார். அதற்குக் கீழே 20 சென்ரிமீற்றர் கெட்டியான அடித்தார். அதற்குக் கீழே நன்றாக இறுக்கின தரை. வெப்பநிலை 15 பாகை என்று எடுக்கிறார்கள். 15 பாகையில் அந்த அடித்தாரின் யங்கின் மட்டு 9000 மெகாபஸ்கால். "இதை யாழ்ப்பாணத்தில போட்டால்?" என்று கேட்டேன். 30 பாகைக்கு மாற்றினான். 2700 ஆகிவிட்டது. அதே தார், அதே கல்லு, மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2013இல் ஊருக்குப் போனபோது ஏ9 வீதியை, சனம் சொல்கிறபடி, "காபெற்" போட்டிருந்தார்கள். அப்பா மத்தியானத்தில் செருப்புக் குதியால் றோட்டை அழுத்திப் பார்ப்பது ஞாபகம் வந்தது. தடம் விழுந்தால் தலையை ஆட்டுவார். அவரிடம் மென்பொருள் இல்லை. செருப்பு இருந்தது.

இதுவரைக்கும் எல்லாம் சந்தோசமாகத்தான் போனது. பிறகுதான் நான் அந்தக் கேள்வியைக் கண்டேன்.

அட்டவணையில் அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலே ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. இந்த இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று எப்படி இருக்கிறது என்று அது கேட்கிறது. மூன்று விடை. ஒட்டினது. அரைகுறையாக ஒட்டினது. வழுக்குவது. அரைகுறைக்கு அவர்கள் வைத்திருக்கிற கணக்கு சுவாரசியமானது. ஒட்டினதுக்கு ஒரு விடை, வழுக்குவதுக்கு ஒரு விடை, இரண்டையும் கூட்டி இரண்டால் பிரிப்பது.

"இதில எதைப் போடுறது?" என்று கேட்டேன்.

"தாருக்கும் தாருக்கும் இடையில எப்பவும் 'ஒட்டினது'தான் அப்பா. விதி அப்படித்தான். இடையில ஒட்டுத்தார் அடிப்பினம்தானே. அடிக்காமல் விடுற விசரன் ஆர்?" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்ற எழும்பினேன்.

ஒட்டுத்தார் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய அடுக்குக்கு மேலே புது அடுக்குப் போட முதல், தண்ணியோடு கலந்த தாரை மெல்லிசாகத் தெளிக்கவேண்டும். தெளிக்கும்போது மண்ணிறமாக இருக்கும். தண்ணி பிரிந்ததும் கறுக்கும். கறுத்தபிறகுதான் சூட்டுத் தார் கொட்டலாம். ஒரு சதுர மீற்றருக்குச் சில நூறு கிராம்தான். றோட்டு முடிந்தபிறகு அது போட்டதா இல்லையா என்று மேலே நின்று பார்க்கிற எவராலும் சொல்ல முடியாது. அப்பாவின் காலத்தில் இந்தக் கலவை இல்லை. பீப்பாயில் தாரை விறகு வைத்துக் காய்ச்சி வாளியால் ஊற்றுவார்கள். ஆனால் அவர் வேலையாட்களிடம் சொல்கிறது ஒன்றுதான். "கூட்டித் துடைச்சுத் தார் தெளிச்சிட்டுப் போடுங்கோ. தூசிக்கு மேல தார் நிக்காது." சின்னப் பிள்ளையில் நூறு தரம் கேட்ட வசனம்.

2007 ஒக்ரோபர். வடக்குப் புறநகரில் ஒரு பஸ் ஓடுகிற வீதி. இரவு வேலை. நான் அப்போது ஒரு சின்னக் கொம்பனியில் தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தேன். பழைய மேற்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு 6 சென்ரிமீற்றர் புதுத் தார் போடவேண்டும். விடிய 5 மணிக்கு வீதி திறக்கவேண்டும். இரண்டு மணியளவில் ஒட்டுத்தார் தெளிக்கிற மெசின் நின்றுவிட்டது. மூக்கு அடைத்துவிட்டதென்று ஏதோ செய்து பார்த்தார்கள். சரிவரவில்லை. பின்னாலே சூட்டுத் தாரோடு நாலு லொறி வரிசையாக நின்றது. ஆறினால் அவ்வளவும் குப்பை. மேற்பார்வையாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். லொறிகளைப் பார்த்தார். பிறகு கையை வீசி, "போடுங்கோ" என்றார்.

எங்களோடு ஒரு மாலி நாட்டுக்காரன் வேலை செய்தான். அவன்தான் கேட்டான், "ஒட்டுத்தார்?" என்று. மேற்பார்வையாளர் பதில் சொல்லவில்லை. நான் வாரியைக் கையில் பிடித்துக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கும் தெரியும். அவனைவிட எனக்குக் கூடத் தெரியும். ஓவசியரின் பிள்ளை. நான் வாயைத் திறக்கவில்லை. இருநூறு மீற்றர் அப்படிப் போட்டோம். விடிய அழகாக இருந்தது. கறுத்து, மட்டமாக, தண்ணி விட்டுப் பார்க்கலாம் போல.

அடுத்த திங்கட்கிழமை வேலைப் பட்டியலில் அந்த மாலிக்காரனின் பெயர் இல்லை.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது சொல்லலாம். அந்த நேரம் நாங்கள் மூன்று பேரும் 14 சதுர மீற்றர் அறை ஒன்றில் இருந்தோம். மூத்தவனுக்கு நாலு வயது. சுவரில் பூஞ்சணம். குளிர் தொடங்கினால் அவனுக்கு இழுப்பு வரும். லா கூர்நெவில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். வீட்டுக்காரர் கேட்டது மூன்று மாதச் சம்பளத் துண்டு. என்னிடம் இரண்டு இருந்தது. ஒக்ரோபர் மாதத்துத் துண்டுதான் மூன்றாவது.

2008 தையில் அந்த வீட்டுக்கு வந்தோம். இப்போதும் அதே வீடுதான். அலிசே ஓடுகிற மேசை அந்த வீட்டில்தான் இருக்கிறது.

2009 வசந்த காலத்தில் அந்த வீதியால் பஸ்சில் போனேன். பஸ் நிறுத்தத்தடியில், பஸ் பிரேக் பிடிக்கிற இடத்தில், தார் நிலாப் பிறை மாதிரி வளைந்து வளைந்து வெடித்திருந்தது. தார் வேலை செய்தவன் எவனும் அதைப் பார்த்த உடனே சொல்லுவான். மேல் அடுக்கு கீழ் அடுக்கை விட்டு வழுக்குகிறது. அடுத்த வருடம் அதைச் சுரண்டி எடுத்து மறுபடி போட்டார்கள். பாரம் கூடிவிட்டது, பஸ் கூடிவிட்டது என்று யாராவது எழுதியிருப்பார்கள்.

தேத்தண்ணியோடு திரும்பி வந்து மகனிடம் சொன்னேன், "அந்தக் கட்டத்தில 'வழுக்குது' எண்டு போடு பாப்பம்."

"ஏன்?"

"போடு."

மேல் அடுக்கு மட்டும் வழுக்குவது என்று மாற்றினான். வேறு ஒன்றையும் தொடவில்லை. அதே தடிப்பு, அதே தார், அதே லொறி. ஒரு செக்கன்கூட எடுக்கவில்லை. இரண்டு இலக்கம் மாறியது. ஒட்டியிருந்தபோது மேல் தாரின் அடிப்பக்கம் அமுக்கத்தில் இருந்தது. அமுக்கத்தில் தார் வெடிக்காது. வழுக்கத் தொடங்கியதும் அதே இடம் இழுபாட்டுக்கு மாறிவிட்டது. கீழே அடித்தாரின் அடிப்பக்கத்து இழுபாடும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடிவிட்டது.

மூன்றில் ஒரு பங்குதானே என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சு முறையில் தாரின் களைப்புக்கு ஐந்தாம் அடுக்கு. விகாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் 32இல் ஒன்று. மூன்றில் ஒரு பங்கு கூடினாலே ஆயுள் நாலில் ஒன்று ஆகிவிடும். 20 வருடத்து வீதி ஐந்து வருடம் தாங்காது. இரண்டு பலகையை ஒன்றுக்கு மேல் ஒன்று வைத்து நடுவில் ஏறி நின்று பாருங்கள், வளையும். அதே இரண்டு பலகையைப் பசை போட்டு ஒட்டிவிட்டு நின்று பாருங்கள். நாலில் ஒரு பங்குதான் வளையும். பலகை அதேதான், நிற்கிறவனும் அதேதான். வித்தியாசம் இடையில் இருக்கிற பசை. அதுதான் முழு விசயமும்.

பிறகு அவனுக்கு 2007 கதையைச் சொன்னேன். முதல் தடவையாக. மனுசிக்கும் அதுவரை தெரியாது.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மென்பொருளுக்கு வக்காலத்து வாங்குகிற மாதிரி ஒன்று சொன்னான். பிரெஞ்சு முறை வேலையாட்களின் பிழையையும் கணக்கில் எடுக்கிறதாம். 15 சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பான தார் போடும்போது 2.5 சென்ரிமீற்றர் முன்பின்னாகப் போகலாம், மெல்லிசென்றால் ஒரு சென்ரிமீற்றர் என்று வைத்துத்தான் ஆபத்தைக் கணிக்கிறார்களாம். அதற்கு மேல், ஆய்வுகூடத்துக் கணக்குக்கும் உண்மையான வீதியில் கண்டதுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரிக்கட்ட ஒரு இலக்கமும் இருக்கிறதாம். அந்த அடித்தாருக்கு அது 1.3.

நான் ஆச்சரியப்பட்டுப் போனேன். என்ரை வாரி தவறி ஒரு சென்ரிமீற்றர் மேடு பள்ளம் விட்டால் அதை யாரோ ஒரு பெரிய எஞ்சினியர் முன்கூட்டியே மன்னித்து வைத்திருக்கிறார்! பதின்மூன்று வருடம் குனிந்து நின்று வேலை செய்த எனக்கு அது தெரியாது. எங்களைத் தெரியாதவர்கள் என்று நான் நினைத்த ஆட்களின் கணக்கில் எங்கள் கை நடுக்கத்துக்கு ஒரு இடம் இருந்திருக்கிறது.

ஆனால் கை நடுக்கம் வேறு, வாய் மூடுவது வேறு. இரவு இரண்டு மணிக்கு மெசின் நின்றதையும், நாலு லொறி காத்து நின்றதையும், சம்பளத் துண்டு தேவைப்பட்ட ஒருவன் பேசாமல் நின்றதையும் எந்த இலக்கத்துக்குள் போடுவது? கந்தோரில் இருந்த எஞ்சினியர் அந்தக் கட்டத்தில் "ஒட்டினது" என்று போட்டார். அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அவரைப் பொய்யர் ஆக்கினோம். அந்தக் கட்டத்துக்கு உண்மையான விடை எழுதுகிறவன் கொம்பியூட்டருக்கு முன்னால் இருப்பவன் இல்லை. றோட்டில் நிற்கிற கடைசி ஆள்தான். அவனிடம் யாரும் கேட்பதில்லை. அவனாகச் சொன்னால் திங்கட்கிழமை பெயர் இருக்காது.

இதைப் பிரெஞ்சுக்காரர்களைக் குறை சொல்ல எழுதவில்லை. எங்கள் ஊரிலும் இதேதான். அங்கே போடுகிற காபெற் வீதிகளைப் பற்றி "போட்டு ஒரு மாரி தாங்கேல்லை" என்று சனம் ஏசுகிறது. எஞ்சினியருக்குக் கணக்குத் தெரியாதென்று சொல்கிறார்கள். கணக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். மென்பொருள் மலிந்துவிட்டது, கணக்கு எல்லோரிடமும் இருக்கிறது. ஒரு இரவில் வேலையை நிற்பாட்டி, "இது ஒட்டாது, நாளைக்குப் போடுவம்" என்று சொன்னவனுக்கு அடுத்த நாளும் வேலை இருக்கிற ஒழுங்குதான் எங்கும் இல்லை. அது இல்லாமல் எந்த மென்பொருள் வாங்கினாலும் வீதி வெடிக்கும்.

அந்த மாலிக்காரனைப் பிறகு நான் காணவில்லை. கண்டால் என்ன சொல்வது என்று பதினெட்டு வருடமாக யோசித்திருக்கிறேன். அவன் சரி, நான் பிழை என்று சொல்லலாம். ஆனால் அந்த மூன்றாவது சம்பளத் துண்டை நான் திருப்பிக் கொடுப்பேனா என்று கேட்டால், மாட்டேன். இழுப்பு வந்த பிள்ளை இப்போது முன்னால் இருந்து கணக்குப் போடுகிறான். ஆகவே என்னிடம் இருப்பது அரைகுறை விடைதான். இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்தது.

மகன் அடுத்த வருடம் ஒரு வீதிக் கொம்பனிக்குப் பயிற்சிக்குப் போகிறான். மடிக்கணினியை மூடும்போது கேட்டான், "அப்பா, நான் அங்க போய் நிண்டு, ராவு மெசின் பழுதாப் போனால் என்ன செய்யிறது?"

"வேலையை நிப்பாட்டு" என்றேன்.

"லொறியில இருக்கிற தார்?"

"கொட்டிவிடச் சொல்லு. நாலு லொறித் தார் எவ்வளவு காசு எண்டு உனக்குக் கணக்குப் போடத் தெரியும்தானே. றோட்டு எவ்வளவு காசு எண்டும் தெரியும். ரெண்டையும் எழுதி மேலிடத்துக்குக் காட்டு. ஆனால் அதுக்கு முதல், வாரி பிடிச்சுக்கொண்டு நிக்கிறவனிட்டை ஒருக்காக் கேள், தெளிச்சதோ எண்டு. அவனுக்குத் தெரியும். நீ கேட்டால்தான் அவன் சொல்லுவான்."

அவன் தலையாட்டினான். என்ன விளங்கியதோ தெரியாது.

போன சனிக்கிழமை திரும்ப லாச்சப்பலுக்குப் போனேன். குழியை மூடித் தார் போட்டு முடித்திருந்தார்கள். கடை வாசலில் ஒரு கறுப்புச் சதுரம், சுற்றிவர உள்ள பழைய சாம்பல் தாரில் புதுச் சட்டைக்குப் போட்ட ஒட்டு மாதிரி. சனம் அதற்கு மேலால் நடந்துகொண்டிருந்தது. நான் நின்று செருப்புக் குதியால் ஒருக்கால் அழுத்திப் பார்த்தேன்.

கடைக்கார அண்ணை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இண்டைக்கும் ஏதும் விழுந்திட்டுதோ அண்ணை?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டு முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.